அறுந்த கைநரம்பு மீண்டும் வளருமா? வழிகாட்டிக் குழாயும் வளர்ச்சிக் காரணிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மல்பெரி தழை அறுக்கும்போது அரிவாள் நழுவி மணிக்கட்டில் வெட்டுப்பட்டவர்கள், தீவனம் நறுக்கும் இயந்திரத்தில் கையைக் கொடுத்தவர்கள், ஓசூர்ப் பக்கத் தொழிற்கூடங்களில் தகடு கிழித்தவர்கள், தொப்பூர் கணவாயில் வண்டியோடு விழுந்து தோளில் அடிபட்டவர்கள் என்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் கைநரம்புக் காயத்தோடு பயிற்சிக்கு வருபவர்கள் பல வகையினர். இவர்களுக்குக் கைப்பயிற்சி அளிக்கும் இயன்முறை சிகிச்சையாளன் நான். நரம்பை வளர வைக்கும் குழாய், நரம்பை வளர வைக்கும் மருந்து என்று கைப்பேசியில் பார்த்துவிட்டு அவர்களும் அவர்களுடைய வீட்டாரும் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதியிருக்கிறேன்.

“நரம்பு அறுந்துவிட்டது” என்றார்கள். எந்த நரம்பு?

இந்தக் கேள்வியை முதலில் தீர்த்துக்கொள்ளாவிட்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது. நம் பேச்சில் நரம்பு என்ற ஒரே சொல் மூன்று வேறு பொருள்களைச் சுமக்கிறது. “நரம்பில் ஊசி போட்டார்கள்” என்றால் அது இரத்தக் குழாய். “நரம்பு சுண்டி இழுக்கிறது” என்றால் பெரும்பாலும் தசை, அல்லது தசையை எலும்போடு கட்டும் தசைநாண். உணர்வையும் அசைவுக்கான கட்டளையையும் கொண்டுபோகும் வெண்ணிற இழைக்கற்றைதான் மருத்துவர் சொல்லும் நரம்பு. மணிக்கட்டில் ஆழமான வெட்டு விழுந்தால் மூன்றுமே அறுபடலாம். இரத்தம் நின்றதும், தசைநாணைத் தைத்ததும் “நரம்பைச் சேர்த்துவிட்டார்கள்” என்று வீட்டார் நிம்மதியடைகிறார்கள். விரல் நுனி மரத்தே இருப்பது இரண்டு மாதம் கழித்துத்தான் கவனத்துக்கு வருகிறது. ஆகவே அறுவைச் சிகிச்சைக் குறிப்பில் எந்தெந்தத் தசைநாண், எந்தெந்த நரம்பு தைக்கப்பட்டது என்று எழுதியிருப்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கட்டைவிரலிலிருந்து மோதிரவிரலின் பாதி வரை உள்ளங்கைப் பக்கம் உணர்வு தருவது மீடியன் நரம்பு. சுண்டுவிரலுக்கும் மோதிரவிரலின் மறுபாதிக்கும் உரியது அல்னார் நரம்பு.

வெட்டுப்பட்ட நரம்பு தானாக வளருமா?

கை, கால் நரம்புகளுக்கு வளரும் திறன் உண்டு; மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள இழைகளுக்கு அது மிக அரிது. கைநரம்பின் ஒவ்வோர் இழையும் தண்டுவடத்திலோ அதன் அருகிலோ இருக்கும் ஒரு செல்லிலிருந்து கிளம்பி விரல் வரை ஓடுகிறது. அரிவாள் அதை அறுத்தால், செல்லோடு தொடர்பு அற்றுப்போன கீழ்ப்பகுதி சில நாட்களில் சிதைந்து போகும். ஆகஸ்டஸ் வாலர் என்பவர் 1850இல் தவளையின் நாக்கு நரம்பை வெட்டிப் பார்த்து இதை விவரித்தார். சிதைவது உள்ளே இருக்கும் இழை மட்டுமே. அதைச் சுற்றியிருந்த ஷ்வான் செல்கள் சாவதில்லை; கழிவை அகற்றிவிட்டு, வரிசையாக நின்று, புதிய இழை வருவதற்கான தடமாக மாறுகின்றன. மேல்முனையிலிருந்து புதிய இழைகள் அந்தத் தடத்தில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் ஊர்ந்து வருகின்றன.

எல்லாக் காயமும் ஒன்றல்ல. நரம்பு வெறுமனே அழுந்தியிருந்தால் சில வாரங்களில் தானே சரியாகும். இழைகள் அறுந்து உறை மட்டும் முழுதாக இருந்தால் மெல்ல வளர்ந்து சேரும். உறையோடு சேர்ந்து முழுவதுமாகத் துண்டானால் தைக்காமல் சேராது. ஹெர்பர்ட் செடன் 1943இல் வகுத்த இந்த மூன்று நிலைகளில் உங்களுடையது எது என்பதுதான் சிகிச்சையை முடிவு செய்கிறது.

தானாக வளரும் என்றால் அறுவைச் சிகிச்சை எதற்கு?

வெட்டுப்பட்ட நரம்பின் இரு முனைகளும் இழுபட்டு விலகிவிடுகின்றன. மேல்முனையிலிருந்து கிளம்பும் இழைகளுக்கு எதிர்முனை கிடைக்காவிட்டால், அவை அங்கேயே சுருண்டு, தழும்போடு பின்னி ஒரு முடிச்சாகிவிடும். அந்த முடிச்சைத் தொட்டால் மின்சாரம் பாய்ந்தது போல வலிக்கும்.

கூர்மையான வெட்டாக இருந்து சில நாட்களுக்குள் வந்துவிட்டால், தலைமுடியைவிட மெல்லிய நைலான் இழையால் நுண்ணோக்கியின் கீழ் இரு முனைகளையும் நேரடியாகத் தைத்துவிடலாம். அதற்கு ஈடானது வேறில்லை. இயந்திரத்தில் நசுங்கியோ நாள் கடந்தோ வந்தால், கெட்ட பகுதியை நறுக்கி எறிய வேண்டியிருப்பதால் இடைவெளி விழுகிறது. அந்த இடைவெளியை இழுத்துப் பிடித்துத் தைத்தால் தையலில் இறுக்கம் ஏறி, நரம்புக்குள் இரத்த ஓட்டம் குறைந்து, வளர்ச்சி தடைபடும். வியன்னாவைச் சேர்ந்த ஹான்னோ மிலேசி 1970களில் வலியுறுத்திய பாடம் இது: இழுத்துத் தைப்பதைவிட, இடையில் ஒரு துண்டு நரம்பை வைத்துத் தளர்வாகத் தைப்பது மேல். அந்தத் துண்டு வழக்கமாகக் கெண்டைக்காலின் பின்புறம் ஓடும் சூரல் நரம்பிலிருந்து வருகிறது. அதை எடுத்தால் நடை கெடாது. பாதத்தின் வெளியோரம் மட்டும் மரத்திருக்கும்.

ஓர் இடத்தைச் சரிசெய்ய இன்னோர் இடத்தை மரக்கச் செய்ய வேண்டுமா என்று கேட்டதிலிருந்துதான் வழிகாட்டிக் குழாய் பிறந்தது.

குழாய்க்குள் என்னதான் நடக்கிறது?

குழாய் நரம்பு அல்ல. நரம்பு வளர்வதற்கு மறைவான ஒரு பாதை. இரண்டு முனைகளையும் குழாயின் இரு வாய்களுக்குள் சற்றே நுழைத்துத் தைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் முனைகளிலிருந்து கசியும் நீர் குழாயை நிரப்புகிறது. காயப்பட்ட நரம்பே சுரக்கும் வளர்ச்சிப் பொருள்கள் அந்த நீரில் இருக்கின்றன. ஒரு வாரத்துக்குள் அது உறைந்து, இரத்தம் உறையும்போது உண்டாகும் அதே ஃபைப்ரின் இழைகளால் ஆன மெல்லிய கயிறாக இரு முனைகளையும் இணைக்கிறது. அந்தக் கயிற்றைப் பற்றிக்கொண்டு இரு பக்கத்திலிருந்தும் ஷ்வான் செல்கள் நடுவை நோக்கி நகர்கின்றன. அவை போட்ட தடத்தில் நரம்பு இழைகள் பின்தொடர்கின்றன. கடைசியாக இழைகளின் மேல் மயலின் என்னும் கொழுப்பு உறை ஏறுகிறது.

ஃபைப்ரின் கயிறு நடுவில் அறுந்தால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. ஸ்வீடனின் யோரான் லுண்ட்போரியும் அவருடைய கூட்டாளிகளும் 1980களில் எலிகளின் நரம்பில் சிலிகான் குழாய் வைத்துச் செய்த சோதனைகளில், 10 மில்லிமீட்டர் இடைவெளியை நரம்பு கடந்தது. அதே வெற்றுக் குழாயில் 15 மில்லிமீட்டரைக் கடக்கவில்லை. 5 மில்லிமீட்டர்தான் வேறுபாடு. மனிதரிடம் அளவுகள் பெரியவை என்றாலும் விதி அதுவே. விரல் நரம்பு போன்ற மெல்லிய உணர்வு நரம்புகளில் குறுகிய இடைவெளிக்கு வெற்றுக் குழாய் நன்றாகவே பயன்படுகிறது. 3 சென்டிமீட்டரை அதன் எல்லை என்று பொதுவாகச் சொல்வார்கள். மணிக்கட்டு மீடியன் போன்ற தடித்த, உணர்வு இழையும் அசைவு இழையும் கலந்த நரம்பில் அந்த அளவுக்குக்கூட அதை நம்பாமல் சொந்த நரம்புத் துண்டையே நாடும் அறுவை மருத்துவர்கள் பலர். என்னிடம் பயிற்சிக்கு வருபவர்களைப் பார்த்த வரையில் அந்த எச்சரிக்கை சரியென்றே எனக்கும் படுகிறது.

குழாய் எதனால் செய்யப்படுகிறது? பிறகு வெளியே எடுக்க வேண்டுமா?

சிலிகான் கரையாது, வளர்ந்த நரம்பை நாளடைவில் அழுத்தும் என்பதால் அதை மீண்டும் அறுத்து எடுக்க நேர்ந்தது. இப்போது பயன்படுபவை உடலுக்குள் தாமே கரைபவை. கரையும் தையல் நூலுக்குப் பயன்படும் பாலிகிளைக்காலிக் அமிலத்தால் ஆன குழாய் 1990களின் இறுதியிலும், மாட்டின் தசைநாணிலிருந்து எடுக்கும் கொலாஜன் என்ற புரதத்தால் ஆன குழாய் 2000களின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. மாட்டுப் பொருள் வேண்டாம் என்று கருதுபவர்கள் அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடலாம். கேட்பதில் கூச்சம் தேவையில்லை.

பட்டு நூலிலிருந்தும் நரம்புக் குழாய் செய்கிறார்களாமே, உண்மையா?

உண்மைதான். தருமபுரி பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வருபவர்கள் இதை ஆர்வத்தோடு கேட்கிறார்கள், எனக்கும் பிடித்த கேள்வி. பட்டுப்புழு கக்கும் இழையில் இரண்டு புரதங்கள் உண்டு. நடுவில் உறுதியான ஃபைப்ராயின். அதன் மேல் பசை போல ஒட்டியிருக்கும் செரிசின். கூட்டின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்தப் பசைதான். நூற்பவர் வெந்நீரில் கூட்டை வேகவைப்பதும், சாயம் ஏற்றும் முன் சோப்பும் சோடாவும் போட்டு நூலைக் காய்ச்சுவதும் அந்தப் பசையை இளக்கவும் போக்கவும்தான். ஆய்வுக்கூடத்திலும் முதல் வேலை அதுவே: பசையை நீக்கி ஃபைப்ராயினைத் தனியாக்கி, அதைக் கரைசலாக்கி, குழாயாக வார்க்கிறார்கள், அல்லது மெல்லிய இழைகளாக நூற்றுச் சுற்றுகிறார்கள். ஷ்வான் செல்கள் அதன்மேல் நன்றாகப் பற்றி வளர்கின்றன. உடல் அதை மெல்லக் கரைத்துக்கொள்கிறது. சுவிட்சர்லாந்தில் இத்தகைய குழாயை விரல் நரம்பு அறுந்த மிகச் சிலருக்கு முதற்கட்டமாகப் பொருத்திப் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் ஹானோவரில் இன்னொரு வழியை முயன்றார்கள்: சிலந்தி நூலைச் செல் நீக்கிய இரத்தக் குழாய்க்குள் நீளவாக்கில் நிரப்பி, ஆட்டின் கால் நரம்பில் 6 சென்டிமீட்டர் இடைவெளியைக் கடக்கச் செய்து 2011இல் வெளியிட்டார்கள். வெற்றுக் குழாயில் அறுந்துபோகும் ஃபைப்ரின் கயிற்றின் வேலையை அங்கே சிலந்தி நூல் செய்தது.

ஆனால் இது அங்காடிக் கூட்டிலிருந்து நேராக வருவதல்ல. வெட்டுக்காயத்தில் பட்டு நூலைச் சுற்றிக் கட்டுவதற்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

வளர்ச்சிக் காரணி என்றால் என்ன?

ஒரு செல் இன்னொரு செல்லுக்கு “பிழைத்திரு, இந்தப் பக்கம் வளர்” என்று அனுப்பும் புரதச் செய்தி. முதலில் கண்டறியப்பட்டது நரம்பு வளர்ச்சிக் காரணி. இத்தாலியில் முசோலினி ஆட்சி யூதர்களைப் பல்கலைக்கழகங்களிலிருந்து வெளியேற்றியபோது, ரீட்டா லெவி மொண்டால்சினி தம் வீட்டுப் படுக்கையறையையே ஆய்வுக்கூடமாக்கிக் கோழிக் கருக்களின் நரம்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். போருக்குப் பின் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸுக்குச் சென்று, எலியின் புற்றுக்கட்டியைக் கோழிக் கருவில் வைத்தபோது, நரம்பு இழைகள் அந்தக் கட்டிக்குள் வெள்ளமாகப் பாய்வதைக் கண்டார். கட்டியிலிருந்து ஏதோ ஒன்று நரம்புகளை அழைக்கிறது என்று ஊகித்தார். அந்த ஏதோ ஒன்றைப் பிரித்தெடுத்தவர் ஸ்டான்லி கோஹன். பாம்பின் நஞ்சிலும் எலியின் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் அது செறிந்திருப்பதை அவர் கண்டார். இருவருக்கும் 1986இல் நோபல் பரிசு கிடைத்தது.

பிறகு இந்தக் குடும்பம் பெருகியது. முதலில் கண்ட காரணி வலி, வெப்பம் உணரும் இழைகளுக்கு உகந்தது. அசைவு இழைகள் அதைப் பொருட்படுத்துவதில்லை. 1993இல் அறியப்பட்ட ஜி.டி.என்.எஃப். என்ற காரணி அசைவு நரம்புகளுக்கு வலுவான துணை. ஆகவே “நரம்பு வளரும் மருந்து” என்று ஒற்றைப் பொருளாகப் பேசுவதே தவறு.

அதை ஊசியாகப் போட்டுக்கொள்ளக் கூடாதா?

போட்டுப் பார்த்திருக்கிறார்கள். சர்க்கரை நோயால் கால் நரம்பு கெட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு நரம்பு வளர்ச்சிக் காரணியை 48 வாரம் ஊசியாகத் தந்த பெரிய ஆய்வின் முடிவு 2000இல் வெளிவந்தது. மருந்தில்லாத வெற்று ஊசி போட்டவர்களைவிட அவர்கள் மேம்படவில்லை. ஊசி போட்ட இடத்தில் வலிதான் மிஞ்சியது. வலி இழைகளுக்குப் பிடித்த காரணி வலியை ஏற்றுவதில் வியப்பில்லை.

இன்னொரு சிக்கல், இந்தப் புரதங்கள் உடலில் வெகு விரைவில் சிதைந்துவிடுகின்றன. நரம்போ மாதக் கணக்கில் ஊர்கிறது. மாறாக, ஓரிடத்தில் அளவுக்கு மீறிக் குவித்துவைத்தால், இழைகள் அங்கேயே சுருண்டு தங்கிவிடுகின்றன. விலங்குச் சோதனைகளில் இது தெளிவாகத் தெரிந்தது. மாங்காய் மண்டி வாசலில் நின்றுவிட்ட பிள்ளை பள்ளிக்கூடம் போய்ச் சேராதது போல. எவ்வளவு, எங்கே, எப்போது என்ற மூன்றும் பொருந்தினால்தான் காரணி உதவும். அப்படிப் பொருந்திய ஓர் இடம் கண்: கருவிழி நரம்பு கெட்டுப் புண்ணாகும் நோய்க்கு, இதே காரணியைச் சொட்டு மருந்தாக 2018இல் அமெரிக்கா அனுமதித்தது.

காரணியையும் குழாயையும் சேர்த்தால்?

ஆய்வின் முன்வரிசை இன்று அங்கேதான் நிற்கிறது. காரணியை நுண்ணிய உருண்டைகளுக்குள் அடைத்து, அவற்றைக் குழாயின் சுவரில் பதித்தால், உருண்டை கரையக் கரையக் காரணி வாரக் கணக்கில் சிறுகச் சிறுகக் கசியும். நம் ஊர்த் தோட்டங்களில் சொட்டுநீர் பாய்ச்சுவதன் அதே தத்துவம். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் ரீசஸ் குரங்குகளின் மீடியன் நரம்பில் 5 சென்டிமீட்டர் இடைவெளி உண்டாக்கி, ஜி.டி.என்.எஃப். கசியும் குழாயைப் பொருத்தி ஓராண்டு கவனித்தார்கள். விரலால் இரையைக் கிள்ளி எடுக்கும் திறன், சொந்த நரம்புத் துண்டு வைத்த குரங்குகளுக்கு இணையாகத் திரும்பியது என்று 2020இல் அறிவித்தார்கள். எலியைத் தாண்டி, மனிதருக்கு நெருங்கிய கையில், இவ்வளவு நீளத்தில் கிடைத்த முடிவு என்பதால் இதை நான் பெரிதாக மதிக்கிறேன். ஆனால் மருத்துவமனையில் இன்று வழக்கமாகப் பொருத்தும் குழாய்களில் காரணி சேர்ந்திருப்பதில்லை. “வளர்ச்சிக் காரணி வைத்த குழாய்” என்று எவரேனும் விலை பேசினால், அது பதிவு செய்யப்பட்ட ஆய்வா, நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா என்று கேளுங்கள். முறையான ஆய்வில் சோதனைப் பொருளுக்கு நோயாளியிடம் பணம் வாங்குவது வழக்கமில்லை.

மருந்துக்கடையில் தரும் “நரம்பு ஊசி” இதுதானா?

இல்லை. அது பெரும்பாலும் மெத்தில்கோபாலமின் எனப்படும் பி12 வைட்டமின். உடலில் பி12 குறைந்தவர்களுக்கு அது உண்மையிலேயே மருந்து. அறுந்து விலகிய நரம்பை அது சேர்க்காது. மணிக்கட்டு வெட்டுப்பட்டு, மேல்தோலை மட்டும் தைத்துக்கொண்டு, நாலைந்து மாதம் இந்த ஊசியைப் போட்டுவிட்டு வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஊசி அவர்களுக்குத் தீங்கு செய்யவில்லை. போன மாதங்கள்தான் தீங்கு செய்தன.

ஏன் இவ்வளவு அவசரம்? மெதுவாகப் பார்த்துக்கொள்ளக் கூடாதா?

நரம்புச் செய்தி வராத தசை காத்திருக்கும், ஆனால் முடிவில்லாமல் காத்திருக்காது. ஏறத்தாழ 12 முதல் 18 மாதங்களில் அது சுருங்கி நார்த்தன்மை அடைந்துவிடும்; அதன்பின் நரம்பு வந்து சேர்ந்தாலும் பயனில்லை. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மணிக்கட்டிலிருந்து விரல் நுனிக்கு ஏறத்தாழ 18 சென்டிமீட்டர். நாளுக்கு 1 மில்லிமீட்டர் வீதம் ஆறு மாதம். முழங்கையில் அறுந்தால் உள்ளங்கைத் தசைக்கு ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், பத்து மாதம். தோளில் அறுந்தால் இரண்டு ஆண்டு. குழாயோ காரணியோ இந்தக் கணக்கை இதுவரை பெரிதாக மாற்றவில்லை. உணர்வு இழைகளுக்கு இந்தக் கெடு இவ்வளவு கடுமையானதல்ல. தாமதமாகச் சேர்ந்தாலும் ஓரளவு தொடு உணர்வு திரும்பலாம்.

தோளில் நரம்புப் பின்னல் கிழிந்த இருசக்கர வாகன ஓட்டிகளுக்கு அதனால்தான் நரம்பு மாற்று அறுவை செய்கிறார்கள்: நன்றாக வேலை செய்யும் அல்னார் நரம்பிலிருந்து ஓர் இழைக்கற்றையைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு அருகிலேயே இணைப்பது. பிரான்சின் ஓபெர்லான் 1994இல் விவரித்த முறை இது. தூரத்தைக் குறைத்துக் காலத்தை வெல்லுகிறது. கெடு கடந்தவர்களுக்கும் வழியில்லாமல் இல்லை. வேலை செய்யும் ஒரு தசைநாணை இடம் மாற்றிக் கட்டி விரலை இயங்க வைக்கலாம். அறுவை மருத்துவர் பால் பிராண்ட் 1940களின் இறுதியில் வேலூரில் தொழுநோயால் மடங்கிப்போன கைகளுக்கு இதைச் செய்தார்.

அடிபட்ட இடத்தில் வெட்டுக்காயம் இல்லாமல் கை மட்டும் செயலிழந்திருந்தால் உடனே அறுக்க மாட்டார்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து நரம்பு மின்சோதனை எடுத்து, மூன்று மாதம் வரை முன்னேற்றத்தைப் பார்ப்பார்கள். அதைத் தாமதம் என்று எண்ணிவிடாதீர்கள்.

நரம்பு வளர்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

விரலால் தட்டிப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம். நரம்பு ஓடும் வழியில் கீழிருந்து மேலாக மெல்லத் தட்டிக்கொண்டு வந்தால், வளரும் முனை இருக்கும் இடத்தில் விரலை நோக்கிச் சுரீர் என்று ஒரு கூச்சம் ஓடும். ஜூல் டினெல் 1915இல், முதல் உலகப் போரில் காயம்பட்ட வீரர்களிடம் இதை விவரித்தார். பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பி, தழும்பிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளிக் கூச்சம் வருகிறது என்பதை மாதத்துக்கு ஒருமுறை நாட்காட்டித் தாளின் பின்புறம் குறித்துவந்தார். மூன்றாவது மாதம் கூச்சம் உள்ளங்கைக்குள் நுழைந்திருந்தது. கூச்சம் தழும்பிலேயே நின்றுவிட்டால், மறு அறுவை தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டிய நேரம் அது.

குழந்தைகளுக்கு இன்னோர் எளிய சோதனை உண்டு. வெதுவெதுப்பான நீரில் கையை அரை மணி நேரம் ஊறவைத்தால் நரம்புள்ள விரல் சுருங்கும். நரம்பற்ற விரல் வழவழப்பாகவே இருக்கும்.

சர்க்கரை நோய்க்கும் தண்டுவடக் காயத்துக்கும் குழாய் உதவுமா?

உதவாது. சர்க்கரை நோயில் நரம்பு ஓரிடத்தில் அறுவதில்லை. நுனியிலிருந்து நீளமெங்கும் கெடுகிறது. தண்டுவடத்தில் வளர்ச்சியைத் தடுக்கும் சூழலே வேறு.

செலவு?

குழாயின் விலை நிறுவனத்துக்கும் நீளத்துக்கும் ஏற்ப மிகவும் மாறும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால், அறுவையோடு குழாயும் அதில் அடங்குமா என்பதைச் சேரும்போதே எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். சாலை விபத்தானால் முதல் 48 மணி நேரத்துக்கான அரசின் இலவச சிகிச்சைத் திட்டமும் உண்டு.

அறுவை முடிந்துவிட்டது. வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

மரத்த விரலைக் காப்பதுதான் முதல் வேலை. கேழ்வரகுக் களியைக் கிண்டி, சூடு ஆறும் முன் கையாலேயே உருண்டை பிடிக்கும் பெண்கள் நம் பக்கம் நிறைய. உணர்வு இல்லாத விரலில் கொப்புளம் எழும்பியபின்தான் சூடு தெரிகிறது. ஓர் அம்மாவுக்கு இரண்டு விரல் நுனியும் இப்படிப் போய், நரம்பு வந்து சேரும் வேளையில் தோல் புண்ணாக இருந்தது. உணர்வு திரும்பும் வரை களி உருண்டையை வீட்டில் வேறொருவர் பிடிக்கட்டும், அல்லது ஈரத்துணி சுற்றிய கிண்ணத்தில் புரட்டி எடுங்கள்.

இரண்டாவது வேலை மூளைக்குப் பயிற்சி. புதிய இழைகள் பழைய இடத்துக்கே போய்ச் சேர்வதில்லை. ஆள்காட்டி விரலைத் தொட்டால் நடுவிரலைத் தொட்டது போலத் தோன்றும். முதலில் கண்ணால் பார்த்தபடி தொட்டு, பிறகு கண்ணை மூடிக்கொண்டு தொட்டு, நாளைக்கு நாலைந்து முறை, பத்துப் பத்து நிமிடம் பழக வேண்டும். அதற்குக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். ஒரு தட்டில் புளியங்கொட்டை, கேழ்வரகு, ஒரு ரூபாய் நாணயம், ஒரு பட்டுக்கூடு ஆகியவற்றைப் போட்டு, கண்ணை மூடி ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் சொல்லுங்கள். கூட்டின் சொரசொரப்பையும் கொட்டையின் வழவழப்பையும் பிரித்துச் சொல்லும் நாள் வந்தால், என்னிடம் வந்து சொல்லுங்கள். அடுத்த தட்டில் நான் சட்டைப் பொத்தானை வைப்பேன்.